மேலிருந்தா, கீழிருந்தா?

மேற்கே ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் தொடங்கி, கண்ணுக்குப் புலப்படாத சரிவாகக் கிழக்கு நோக்கித் தாழ்ந்துகொண்டே போய், தெற்கே டெக்ஸாஸிலிருந்து வடக்கே டகோட்டா மாநிலங்கள் வரையில் கோதுமையும் புல்லுமாகப் பரந்து கிடக்கிற அமெரிக்கப் பெருஞ்சமவெளியில், மே மாதத்துப் பிற்பகல் ஒன்றில், சாலையோரத்துப் பெட்ரோல் பங்கின் நிழலில் காரை நிறுத்திவிட்டு, துளி மேகமும் இல்லாத ஆகாயத்தை மணிக்கணக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசாமியைக் கண்டால், அந்த ஊர் மக்கள் இப்போதெல்லாம் ஆச்சரியப்படுவதில்லை. காரின் பின்னிருக்கையில் காமிராவும் அதற்குரிய மூன்றுகால் ஸ்டாண்டும் கிடக்கும். முன்கண்ணாடியில், சென்ற வாரம் விழுந்த ஆலங்கட்டியின் ஞாபகார்த்தமாக ஒரு நட்சத்திரக் கீறல் இருக்கும். காலையிலிருந்து முந்நூறு மைல் ஓட்டி வந்தும் மேகம் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லையே என்று அவர் வருந்துவதாகத் தெரியாது. மேகம் இல்லாமையே நல்ல சகுனம் என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

இந்த விநோதமான நம்பிக்கைக்குக் காரணம் நம் வீட்டு உலைப்பானையிலேயே இருக்கிறது. மெக்ஸிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரின்மேல் தங்கி ஈரம் குடித்த காற்று, குறுக்கே தடுக்க ஒரு குன்றுமில்லாத அந்தச் சமவெளியின்மீது, தரையை ஒட்டியபடியே வடக்கு நோக்கி நூற்றுக்கணக்கான மைல் தூரம் பாய்ந்து வருகிறது. அதன் தலைக்கு மேலே, மெக்ஸிகோவின் உயர்ந்த பீடபூமியில் வெயிலில் காய்ந்து, ஈரம் வற்றிச் சூடேறிய வேறொரு காற்று, தென்மேற்கிலிருந்து வந்து கூரையாகக் கவிகிறது. தரையின் சூட்டால் மேலெழும்ப முயலும் ஈரக் காற்று, தன்னைக் காட்டிலும் வெப்பமான அந்தக் கூரையில் முட்டி, மேலே போக வழியின்றித் திரும்பிவிடுகிறது. மூடியே இல்லாத பானையில் உலைநீர் காலையிலிருந்தே தளதளவென்று கொதித்து ஆவியாகி வீணாவது போல, மூடி இல்லாத ஆகாயத்தில் முற்பகலிலேயே சிறு சிறு மேகங்கள் கிளம்பிச் சாதாரண மழையாகப் பெய்து தீர்ந்துவிடும். மூடி மிகக் கனமாக அமைந்துவிட்டாலோ, பொழுது சாயும் வரையில் ஒன்றும் நடவாது, மேகத்தைத் துரத்த வந்தவர்கள் வெயிலில் சிவந்த முகத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். கனம் இரண்டுக்கும் நடுவில் அமைந்த நாளிலே, பகலெல்லாம் சேர்ந்து அடைபட்டுக் கிடந்த சக்தி, மாலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ எங்கோ ஓரிடத்தில் மூடியைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும்போது, வெண்ணிறத் தூண் ஒன்று அரை மணி நேரத்துக்குள் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேலே ஓங்கி, உச்சியில் கொல்லன் பட்டடைபோலத் தட்டையாகப் பரவி நிற்பதைக் காணலாம்.

மூடி பிய்கிற இடம் பெரும்பாலும் வளைகுடாவின் ஈரக் காற்றும் மேற்கத்திய பாலை நிலத்து உலர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் அமையும். அந்தக் கோட்டுக்குக் கிழக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். மேற்கே சில மைல் போனால் உதடு வெடிக்கும். துரத்துவோர் காலையில் வரைபடத்தில் தேடுவது இந்தக் கோட்டைத்தான்.

ஆனால் உயர எழும்பும் மேகமெல்லாம் பயங்கரமாகிவிடுவதில்லை. நம் நாட்டுக் கோடையிடி மேகம் எழும்பிய இடத்திலேயே மழையைக் கொட்டி, தன் மழையாலேயே தன் மூச்சை அடைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. சமவெளியின் வசந்த காலத்தில் காற்று உயரத்துக்கு உயரம் திசையும் வேகமும் மாறி வீசுகிறது: தரையில் தென்கிழக்குக் காற்று, நடுவில் தென்மேற்குக் காற்று, உச்சியில் மேற்கிலிருந்து சீறும் ஜெட் காற்று. விளக்குக்குத் திரி திரிப்பவள் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே பஞ்சை வைத்து, ஒரு கையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் தள்ளும்போது பஞ்சு உருளுவதைப் போல, கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் நடுவே அகப்பட்ட வாயுப் படலம் கிடைமட்டமாக உருண்டுகொண்டிருக்கிறது. மூடியைப் பிய்த்துக்கொண்டு எழும் காற்றுத்தூண் அந்த உருளையை அப்படியே வாரி நிமிர்த்தும்போது, படுத்துச் சுழன்றது நின்று சுழலத் தொடங்குகிறது, மேகம் முழுவதும் ஒரே உடம்பாகத் திரும்புகிறது. மழை மேலெழும் தூணின்மேல் விழாமல் ஒருபுறமாக ஒதுங்கி விழுவதால், இந்த மேகத்துக்கு மூச்சடைப்பதில்லை; மணிக்கணக்காக உயிர் வாழ்கிறது. 1959-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று இங்கிலாந்தில் வோக்கிங்காம் என்ற ஊரின்மீது ஆலங்கட்டி பொழிந்த ஒரு மேகத்தை ரேடாரில் நுணுகி ஆராய்ந்த கீத் பிரவுனிங் என்ற விஞ்ஞானியே, பின்னர் இத்தகைய மேகத்துக்குச் ‘சூப்பர்செல்’ என்று பெயரிட்டவர். சமவெளியின் பிரஜைக்கு நாமகரணம் இங்கிலாந்தில் நடந்தது என்பது ஒரு வேடிக்கை.

இந்தச் சூப்பர்செல்களில் மிகச் சிலவற்றின் அடிவயிற்றிலிருந்து, மேகத்தையும் தரையையும் இணைத்துச் சுழலும் தும்பிக்கை ஒன்று உண்டாகிறது. அதைப் புயல் என்று சொன்னால் தமிழ் வாசகருக்கு வங்கக் கடலில் நூற்றுக்கணக்கான மைல் அகலத்துக்குச் சுழன்று வரும் வேறொரு வஸ்து ஞாபகத்துக்கு வரும். சித்திரை வெயிலில் கட்டாந்தரையில் சருகையும் புழுதியையும் சுழற்றி எழுப்பும் பேய்க்காற்று என்றாலோ, அது மேகமே இல்லாத வானத்தின் கீழ் தரைச் சூட்டால் உண்டாகும் அற்பாயுசுப் பிராணி. ஆகவே டொர்னாடோ என்ற பெயரையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பேய்க்காற்றை நான் இங்கே காரணமின்றி இழுத்து வரவில்லை. பேய்க்காற்று தரையிலிருந்து மேலே எழுவதைச் சிறு பிள்ளையும் அறியும்; டொர்னாடோ மேகத்திலிருந்து கீழே இறங்குகிறதா, அதுவும் தரையிலிருந்துதான் மேலே ஏறுகிறதா என்ற கேள்விக்கு விடை தேடுவதிலேயே ஒரு விஞ்ஞானத்தின் அரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது. அந்தத் தேட்டத்தில் ரேடாருக்குச் சமமான இடம், சில வேளைகளில் அதற்கும் மேலான இடம், சாதாரணப் போட்டோவுக்குக் கிடைத்தது.

இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய டொர்னாடோப் படம் 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று கான்ஸாஸின் ஆண்டர்சன் கவுண்டியில் ஏ. ஏ. ஆடம்ஸ் என்பவர் எடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்று தெற்கு டகோட்டாவின் ஹோவர்டு அருகே எடுக்கப்பட்ட மற்றொரு படம் வெகு காலம் முதலிடத்தை வகித்திருந்தது. அதில் மையத் தும்பிக்கைக்கு இருபுறமும் இரண்டு குட்டித் தும்பிக்கைகள் ஒழுங்காக நிற்பதைப் பார்த்தால், படத்தில் இயற்கையின் பங்கு எவ்வளவு, தூரிகையின் பங்கு எவ்வளவு என்ற சந்தேகம் எவருக்கும் எழும். இப்படங்கள் அஞ்சலட்டைகளாக விற்பனையாயின; விஞ்ஞானத்துக்கு அவற்றால் விளைந்தது சொற்பமே.

படத்தை அளவுகோலாக்கும் எண்ணம் 1957-இல் இரண்டு ஊர்களில் பலித்தது. ஏப்ரல் 2 அன்று டல்லாஸ் நகரின் ஊடே நிதானமாக நடந்து சென்ற ஒரு டொர்னாடோவைப் பலர் சினிமாப் படச்சுருளில் பிடித்திருந்தனர்; வானிலைத் துறையைச் சேர்ந்த வால்டர் ஹோக்கர், அச்சுருள்களில் பறக்கும் பலகைகளையும் தகரங்களையும் சட்டம் சட்டமாகப் பின்தொடர்ந்து, காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 270 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். டொர்னாடோவுக்குள் காற்று ஒலியின் வேகத்தை எட்டும் என்றுகூடப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பறக்கும் ஒரு பலகை அந்தப் பேச்சை அடக்கத் தொடங்கியது.

இரண்டாவது ஊர் வடக்கு டகோட்டாவின் பார்கோ. அதைச் சொல்லுமுன், அதை ஆராய்ந்த மனிதரைச் சொல்ல வேண்டும். ஜப்பானின் கியூஷு தீவில் 1920-இல் பிறந்த தெத்ஸுயா புஜிதா, 1945 ஆகஸ்டில் கொக்குரா நகரை ஒட்டிய தொபாத்தாவில் ஓர் இளம் ஆசிரியராக இருந்தார். அம்மாதம் 9-ஆம் தேதி இரண்டாம் அணுகுண்டைச் சுமந்து வந்த விமானத்துக்கு முதல் இலக்கு கொக்குராவே. மேகமும் புகையும் ஊரை மறைத்திருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு நாகசாகிக்குச் சென்ற புஜிதா, மயானங்களில் கல்லறைகளுக்கு முன்னால் பூ வைப்பதற்காக நட்டிருந்த மூங்கில் குழாய்களில், ஒரு பக்கம் மட்டும் கருகிய அடையாளங்களை அளந்து, குண்டு எந்த உயரத்தில் வெடித்திருக்கும் என்று கணித்தார். அழிவு விட்டுச் சென்ற சுவட்டிலிருந்து அழித்ததன் வடிவத்தைப் படித்தறியும் இந்தப் பழக்கத்தோடு 1953-இல் அவர் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

1957 ஜூன் 20 மாலை பார்கோவை ஒரு டொர்னாடோ தாக்கியது. தட்டையான ஊர், நீண்ட கோடைப் பகல், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டிக் காமிரா. ஆகவே வராந்தாவிலிருந்தும் தெருமுனையிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் ஊரார் எடுத்த படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை புஜிதாவின் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை அடுக்கி வைத்தால் ஒரு கதை கிடைத்திருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது கதையன்று, கோணம். படத்தில் ஒரு தானியக் களஞ்சியத்தின் முகடு, ஒரு மின்கம்பம், ஒரு தேவாலயக் கூர்ச்சிகரம் என்று அசையாத பொருள்கள் சில தெரியுமல்லவா? புஜிதா பார்கோவுக்கே போய், படமெடுத்தவர் நின்ற இடத்தில் தாமும் நின்று, அந்தக் கம்பத்துக்கும் சிகரத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்துகொண்டார். படத்தில் அவ்விரண்டுக்கும் நடுவே இத்தனை மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பாகை என்று தெரிந்துவிடுகிறது. அது தெரிந்தால் மேகத்தின் விளிம்பு எத்தனை பாகை உயரத்தில், எந்தத் திசையில் இருந்தது என்பது தெரிகிறது. வேறொரு தெருவில் நின்று அதே நேரத்தில் இன்னொருவர் எடுத்த படத்திலிருந்து வரையும் கோடு முதற்கோட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கே மேகம் நின்றிருக்கிறது. இவ்வாறு நிமிஷத்துக்கு நிமிஷம் மேகத்தின் அடித்தளத்தை உயிர்ப்பித்துப் பார்த்தபோது, டொர்னாடோவுக்குப் பிறப்பிடமாக, மேகத்தின் அடிவயிற்றிலிருந்து மேடைபோலத் தாழ்ந்து தொங்கிச் சுழலும் பகுதி ஒன்று இருப்பதை அவர் கண்டார். அதற்குச் சுவர் மேகம் என்றும், அதிலிருந்து மழைப்பக்கமாக நீளும் பகுதிக்கு வால் மேகம் என்றும் அவர் இட்ட பெயர்களை இன்று துரத்துவோர் ஒவ்வொருவரும் மூச்சுக்கு மூச்சு சொல்லுகிறார்கள். டொர்னாடோக்களைச் சேதத்தால் தரம் பிரிக்கும் புஜிதா அளவுகோல் 1971-இல் வந்தது. உலகம் அதனாலேயே அவரை அறியும். என்னைக் கேட்டால், பார்கோ ஊராரின் ஆல்பங்களை அவர் படித்த விதமே அந்த அளவுகோலைவிடப் பெரிய காரியம்.

பார்கோவில் டொர்னாடோ காமிராக்களைத் தேடி வந்தது. காமிரா டொர்னாடோவைத் தேடிப் போவதும் அதே பத்தாண்டுகளில் ஆரம்பமாயிற்று. பிஸ்மார்க் நகரத்து டேவிட் ஹோட்லி 1956 முதல் தம் காரில் மேகங்களின் பின்னே அலைந்தார். கண்டதைப் படமெடுத்தது மட்டுமன்றி, பென்சிலால் கோட்டோவியங்களாகவும் வரைந்து வைத்தார். 1977-இல் ‘ஸ்டார்ம் டிராக்’ என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கி, சிதறிக் கிடந்த இந்தப் பித்தர்களை ஒரு சமூகமாக்கினார். விஞ்ஞானியாக இருந்து முதன்முதலில் துரத்தியவர் என்று நீல் வார்டைச் சொல்வார்கள். 1961 மே மாதத்தில் ஓக்லஹோமா நெடுஞ்சாலைப் போலீசாரின் காரில் அமர்ந்து, தாம் பார்ப்பதையும் ரேடார் காட்டுவதையும் அவர் ஒப்பிட்டுக்கொண்டே போனார். நார்மன் நகரில் 1964-இல் அமைந்த தேசியக் கடும்புயல் ஆராய்ச்சிக்கூடம் இந்த வழியை ஓர் ஏற்பாடாகவே ஆக்கியது: ரேடாரின் முன்னே சிலர், சாலையில் காமிராவோடு சிலர்.

அதன் பலன் 1973-ஆம் ஆண்டு மே 24 அன்று யூனியன் சிட்டி என்னும் சிற்றூரில் கிடைத்தது. தும்பிக்கை முளைத்ததிலிருந்து, பருத்து, மெலிந்து, கயிறாய் முறுக்கி அற்றுப்போகும் வரையில், ஒரு டொர்னாடோவின் ஆயுசு முழுவதையும் துரத்தியவர்கள் படச்சுருளில் பதிவு செய்தனர். அதே மேகத்தை நார்மனில் இருந்த டாப்ளர் ரேடார் பார்த்துக்கொண்டிருந்தது. படச்சுருளின் கடிகாரத்தோடு ரேடார்ப் பதிவைப் பொருத்திப் பார்த்தவர்கள், தரையில் டொர்னாடோ தோன்றுவதற்கு வெகு முன்பே, மேகத்தின் நடு உயரத்தில், பக்கத்துப் பக்கத்திலேயே ஒருபுறம் ரேடாரை நோக்கியும் மறுபுறம் ரேடாரை விட்டு விலகியும் காற்று பாயும் இறுகிய சுழலின் முத்திரை உண்டாகி, மெல்லக் கீழே நீண்டு, டொர்னாடோ தரைதொட்ட வேளையிலே தானும் தரையை எட்டியதைக் கண்டனர். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது: மேலிருந்துதான். நாடெங்கும் டாப்ளர் ரேடார்கள் நிறுவப்பட்டதற்கும், டொர்னாடோ இறங்குமுன் எச்சரிக்கை விடலாம் என்ற நம்பிக்கைக்கும் யூனியன் சிட்டி ஒரு பெரிய அஸ்திவாரம்.

நம் பெட்ரோல் பங்கு ஆசாமியை மறந்துவிட்டோம். ஐந்து மணி சுமாருக்கு மேற்கே மூடி பிய்ந்து தூண் கிளம்பியவுடன் அவர் காரை எடுத்திருப்பார். சமவெளியின் கிராமச் சாலைகள், நில அளவைக்காரர்கள் பழைய காலத்தில் மைலுக்கு மைல் கிழித்த சதுரக் கட்டங்களின்மீதே அமைந்தவை. மேகமோ வடகிழக்காகக் கோணலாகப் போகிறது. ஆகவே வடக்கே இரண்டு மைல், கிழக்கே மூன்று மைல் என்று, படிக்கட்டு ஏறுவது போலத் திரும்பித் திரும்பி ஓட்டவேண்டும். தார்ச்சாலையை விட்டு மண்சாலையில் இறங்கினவர், மழை நனைத்த செங்களிமண்ணில் சக்கரம் வழுக்கி, துரத்துவதை விட்டுத் துரத்தப்படும் நிலைக்கு ஆளாவது உண்டு. ஆறுகளுக்குப் பாலங்கள் அரிது. துரத்துவோர் பாலங்களைப் பாராயணம் செய்து வைத்திருப்பார்கள்.

எங்கே நிற்பது என்பதில்தான் வித்தையெல்லாம் அடங்கியிருக்கிறது. மழையும் ஆலங்கட்டியும் மேகத்தின் வடபுறத்தில் விழுகின்றன. மேலெழும் தூணின் மழையற்ற அடித்தளம் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது. மேகத்துக்குத் தென்கிழக்கே நின்று வடமேற்கு நோக்கிப் பார்த்தால், தாழ்ந்த மாலைச் சூரியன் மேகத்தின் பின்னாலிருந்து அடித்தளத்துக்கும் அடிவானத்துக்கும் இடையே ஒரு மஞ்சள் கீற்றைப் பாய்ச்சும். அந்தக் கீற்றின்மேல் சுவர் மேகம் மை தீட்டியது போலத் தெரியும். ஆலங்கட்டி நிறைந்த பகுதி பாசிபடிந்த குளத்து நீரின் நிறத்தில் பசுமையாகத் தோன்றும். அந்தப் பசுமைக்குள் காரை விட்டவர்களுக்கு என்ன கிடைக்கலாம் என்பதற்கு ஓர் உச்சம் சொல்லுகிறேன்: 2010 ஜூலை 23 அன்று தெற்கு டகோட்டாவின் விவியனில் விழுந்த ஓர் ஆலங்கட்டி 20 சென்டிமீட்டர் குறுக்களவும் ஏறக்குறைய 880 கிராம் எடையும் கொண்டிருந்தது.

அங்கே நிற்பவனுக்கு முதலில் தெரிவது சத்தமன்று, காற்று. முதுகுப் பக்கமிருந்து வெதுவெதுப்பாக, ஈரமாக, பச்சைக் கோதுமையின் வாசனையோடு, இடைவிடாமல் மேகத்தை நோக்கிக் காற்று ஓடுகிறது. வயல் முழுவதும் மேகத்தின் பக்கமாகவே தலைசாய்ந்து நிற்கிறது. அத்தனை பெரிய மேகம் மூச்சை உள்ளே இழுப்பதை நம் சட்டைக் காலரில் உணர முடிகிறது. திடீரென்று இந்தக் காற்று நின்று, முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தால், படமெடுத்தது போதும், காரைக் கிளப்ப வேண்டும். சுவர் மேகத்துக்கும் மழைத்திரைக்கும் நடுவிலுள்ள குறுகிய வெளிக்குத் துரத்துவோர் வைத்த பெயர் ‘கரடிக்கூண்டு’. கரடி உள்ளே எங்கே படுத்திருக்கிறது என்று தெரியாமல் நுழையும் இடம். படமெடுப்பதில் டொர்னாடோவைவிட அதிக ஆபத்தானது மின்னல்தான்: வெட்டவெளியில், கம்பிவேலியின் பக்கத்தில், உலோகக் கால்களுள்ள ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைவிட அதற்கு வசதியான இலக்கு எது? விவேகமுள்ளவர்கள் ஸ்டாண்டை நிறுத்திவிட்டுக் காருக்குள் அமர்ந்துவிடுகிறார்கள். இருட்டிய பின் வேலை சுலபம். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, ஷட்டரைப் பத்து இருபது விநாடி திறந்து வைத்தால், மின்னல் தானே வந்து தன் படத்தை எழுதிவிட்டுப் போகும்.

இந்த வித்தை அனைத்தையும் அறிந்தவர்களும் தவறிய நாள் ஒன்று உண்டு. 2013 மே 31 மாலை ஆறு மணிக்குச் சற்றுப் பின், ஓக்லஹோமாவின் எல் ரீனோ நகருக்குத் தென்மேற்கே ஒரு டொர்னாடோ தோன்றியது. வழக்கத்துக்கு மாறாக அது முதலில் தென்கிழக்காக நகர்ந்தது. பிறகு கிழக்கே திரும்பி, பிறகு வடகிழக்காக வளைந்து, வளையும்போதே வேகமும் கூடி, 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு வீங்கியது. அளந்தறிந்த டொர்னாடோக்களுள் அதைவிட அகலமானது இல்லை. மழை அதைச் சுற்றி மூடியிருந்ததால், பலர் கண்ணெதிரே கண்டது டொர்னாடோவையன்று, இருண்ட மழைச் சுவரையே. டிம் சமாரஸ், அவர் மகன் பால், சகா கார்ல் யங் ஆகிய மூவரும் அன்று மாண்டனர். சமாரஸ் சாகசக்காரர் அல்லர். பத்தாண்டுகளுக்கு முன், 2003 ஜூன் 24 அன்று, தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் தாமே செய்த கூம்பு வடிவக் கருவியை டொர்னாடோவின் பாதையில் தரையில் வைத்து, அது மேலே கடந்து சென்றபோது 100 மில்லிபார் அழுத்தம் சரிந்ததைப் பதிவு செய்த பொறுமைசாலி. தரைக்கு வெகு அருகில் என்ன நடக்கிறது என்பதையே அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று எல் ரீனோவைச் சுற்றி எத்தனையோ காமிராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆன்டன் ஸைமன் என்ற விஞ்ஞானியும் தோழர்களும் அந்த வீடியோக்களைத் துரத்தியவர்களிடமிருந்து கேட்டு வாங்கி, பார்கோவில் புஜிதா செய்த வேலையை மறுபடியும் செய்தனர். ஒவ்வொரு காமிராவின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டும். இவற்றை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர அவர்கள் கண்ட வழி, எனக்குத் தெரிந்த அழகான ஆராய்ச்சி யுக்திகளுள் ஒன்று. ஒரு மின்னல் வெட்டினால், எட்டுத் திக்கிலும் உள்ள காமிராக்கள் அத்தனையிலும் அது அதே க்ஷணத்தில் பதிகிறது. மேகத்தின் மின்னல்களையே கடிகாரத்தின் டிக் டிக் ஆக்கி, சிதறிய வீடியோக்களையெல்லாம் அவர்கள் ஒரே கால ஓட்டத்தில் கோத்துவிட்டனர்.

கோத்துப் பார்த்தபோது ஒரு முரண்பாடு தலைகாட்டியது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வேன்மேல் ஏற்றிய விரைவு ரேடார், அன்று சற்று மேடான, மறைப்பில்லாத ஓரிடத்தில் நின்று, மற்ற ரேடார்களைப் போல நிமிஷக்கணக்கில் அன்றி விநாடிக்கணக்கில் அந்த மேகத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. அதன் முதற்கணக்குப்படி டொர்னாடோ பிறந்த நேரம் ஒன்று. ஆனால் அதற்குச் சில நிமிஷங்கள் முன்பே எடுக்கப்பட்ட ஸைமனின் படங்களில் டொர்னாடோ தெளிவாகத் தரையில் நின்றுகொண்டிருந்தது. படம் பொய் சொல்லாதென்றால் ரேடார்க் கணக்கைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். ஒஹையோ பல்கலைக்கழகத்து ஜானா ஹவுஸர் பதிவுகளை மறுபடியும் பிரித்து, தரைக்கு மிக அருகே படிந்த பகுதிகளைத் தேடியெடுத்துப் பார்த்தபோது, டொர்னாடோவுக்குரிய சுழற்சி முதலில் தரையருகிலும், அதன் பிறகே உயரத்திலும் தோன்றியிருப்பதைக் கண்டார். 2018 டிசம்பரில் அவரும் சகாக்களும் இதை வெளியிட்டபோது, அவ்வாறு ஆராய்ந்த நான்கு டொர்னாடோக்களில் ஒன்றிலேனும் மேலிருந்து கீழே இறங்கும் வரிசையைக் காண முடியவில்லை என்றனர்.

யூனியன் சிட்டியின் சாட்சியம் பொய்த்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உயரத்திலே மேகம் சுழல்வது மெய். அந்தச் சுழற்சி ரேடாரில் முன்னதாகத் தெரிவதும் மெய். ஆனால் பெரிய சுழற்சி மேலே முன்பே நடந்துகொண்டிருக்க, அதன் கீழே தரையை ஒட்டித் தனியாக இறுகும் சிறு சுழற்சியே டொர்னாடோவாகிறது என்றால், 1973-இன் ரேடார் கண்டது கதையின் மேல்பாதியை மட்டுமே. கீழ்ப்பாதியைக் காண அதற்கு வழியில்லை. ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிர்கூடப் பொதுவாக அரைப் பாகை மேல்நோக்கியே செல்லுகிறது. பூமியோ வளைந்து அதற்குக் கீழே நழுவுகிறது. நிரந்தர ரேடார் நிலையத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவில் அக்கதிர் தரைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கீழே சுவர் மேகத்தின் பாதியும், மஞ்சள் கீற்றும், தலைசாய்ந்த கோதுமையும், முன்கண்ணாடி கீறிய ஒரு காரும் இருக்கின்றன. மேகத்துக்கும் தரைக்கும் நடுவே கண்ணுக்கு ஒன்றுமே தெரியாதபோதும், எதிர் வயலில் புழுதி வட்டமாக எழும்புகிறது என்று வானிலை அலுவலகத்துக்குப் போனில் சொல்லுவது அந்தக் காரின் பக்கத்தில் நிற்கும் ஆசாமிதான்.